மசோதா நிறைவேறியது என்று பேப்பரில் படித்துவிட்டுக் காத்திருந்த கதை

2021 பிப்ரவரியில் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "பாகம் பிரிச்சுக்கலாம்மா, அதுக்கு முன்னாடி ஒரு வில்லங்கம் போட்டுப் பாரு" என்றார். அப்பா 2019 ஜூனில் காலமானார். அவர் பெயரில் ஊரில் இருந்தது 62 சென்ட் புன்செய், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் வேலை என்றால் வீட்டில் எல்லோரும் என் தலையில்தான் கட்டுவார்கள். அன்று ராத்திரியே ஆன்லைனில் வில்லங்கச் சான்று எடுத்தேன். கடைசியில் இரண்டு பதிவுகள் புதிதாக இருந்தன. 2019 நவம்பரில் அப்பா யாரோ ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 2020 பிப்ரவரியில் அந்தப் பவர் ஏஜென்ட் நிலத்தை இன்னொருவருக்குக் கிரயம் செய்திருக்கிறார். அதாவது, இறந்து ஐந்து மாதம் கழித்து அப்பா பதிவு அலுவலகத்துக்கு வந்து, கேமரா முன் உட்கார்ந்து, ரேகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நகல் வாங்கிப் பார்த்தபோது அந்தப் போட்டோவில் இருந்த ஆளை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததே இல்லை.

நிலம் பறிபோன கதை ஊருக்கு ஊர் உண்டு, அதை எழுத வரவில்லை. அந்த நிலத்தை மீட்க வழிசெய்யும் என்று நம்பி ஒரு சட்டத்தின் பின்னாலேயே நான் மூன்று வருடம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு மாநிலச் சட்டம் எங்கே பிறக்கிறது, எப்போது உயிர் வருகிறது, எப்போது செத்துப் போகும், நம் குரல் எந்த இடத்தில் நுழைய முடியும் என்று அப்போது யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பணத்தை விடுங்கள், தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் போலீஸில் புகார் கொடுத்தோம். ரசீது கிடைத்தது. அப்புறம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். சிவில் கோர்ட்டில் கேஸ் போடுவதுதான் வழி, கோர்ட் ஃபீயும் தன் ஃபீயும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். அப்போது கொரோனா. பள்ளியில் பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். அந்த யோசனையிலேயே ஆறு மாதம் போனது. செப்டம்பர் முதல் வாரத்தில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. போலிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கே கொடுக்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது என்று. நான் அழுதேவிட்டேன். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், ஒரு மனுவும் அப்பாவின் இறப்புச் சான்றிதழும் போதும் என்று நினைத்தேன். இறந்தவர் பத்திரம் எழுத முடியாது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு நாள் கழித்து லீவு போட்டுவிட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பேப்பர் கட்டிங்கையும் கையில் எடுத்துப் போயிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அங்கிருந்த எழுத்தர் கட்டிங்கை வாங்கிப் படித்துவிட்டு, "டீச்சர், இது மசோதாதான். இன்னும் சட்டம் ஆகல. மேலேர்ந்து எங்களுக்கு ஒண்ணும் வரல" என்றார். கோபமாக வந்தது. நிறைவேறியாச்சு என்று போட்டிருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனிதர். "சபையில நிறைவேறியாச்சு. அதுக்கப்புறம் இன்னும் நாலு வாசப்படி இருக்கு" என்றார். அந்த நாலு வாசப்படிகளின் பெயரை அன்றே கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

பின்னாளில் நானே தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் பேரவையில் ஒரு சட்டமுன்வடிவு, அதாவது மசோதா, நிறைவேறினால் அது ஆளுநருக்குப் போகும். அரசமைப்பின் 200-ஆம் பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கென்று ஒதுக்கி வைக்கலாம். நான் எதிர்பார்த்திருந்த திருத்தம் 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்துக்கானது. அது மத்தியச் சட்டம். பத்திரப் பதிவு பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமும் கை வைக்கலாம்; ஆனால் மத்தியச் சட்டத்தோடு முரண்படும் திருத்தம் நிலைக்க வேண்டுமானால் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு இத்தனை நாள் என்று அரசமைப்பில் கெடு எதுவும் எழுதப்படவில்லை. ஒப்புதல் வந்த பிறகு அரசிதழில் சட்டமாக வெளிவர வேண்டும். அதற்குப் பிறகும், "மாநில அரசு அறிவிக்கையின் வாயிலாகக் குறிக்கும் தேதியன்று நடைமுறைக்கு வரும்" என்று முதல் பிரிவிலேயே ஒரு வரி இருந்தால், அந்தத் தேதியைச் சொல்லும் தனி அறிவிக்கை வர வேண்டும். அதுவும் வந்து, விதிகள் வராமல் கிடக்கும் சட்டங்களும் உண்டு. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் வந்தது, அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. நடுவில் 21 வருடம். இதைப் படித்த அன்று, நம் நிலைமை பரவாயில்லை போலிருக்கிறது என்று தோன்றியது.

ஆக, செய்தியில் நிறைவேறியது என்று பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது முழுக்க மாநிலப் பட்டியலில் உள்ள விஷயமா, மத்தியச் சட்டம் ஒன்றைத் தொடுகிறதா என்பதுதான். இரண்டாவது வகை என்றால் அதைக் கணக்கில் வைத்து வேறு எந்த முடிவையும் எடுக்காதீர்கள். எங்கள் விஷயத்தில் 2021 செப்டம்பரில் நிறைவேறிய முன்வடிவு 2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம். நடுவில் நான் பொறுமை இழந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்திரண்டாம் நாள் வந்தது: ஒப்புதல் எதிர்நோக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை வரியே பயனுள்ள வரி. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்று தெரிகிறது. என் தவறு, அதைப் படித்துவிட்டு "சரி, வரும்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டதுதான்.

இதில் இன்னொரு கூத்து. நடைமுறைக்கு வந்ததே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகஸ்டில் வந்த அறிவிக்கையை நான் பார்க்கவில்லை. செப்டம்பர் கடைசியில், போலிப் பத்திரங்களை ரத்து செய்த ஆணைகளை முதல்வர் சிலருக்கு வழங்கியதை டிவியில் பார்த்துத்தான் எழுந்து ஓடினேன். அதற்குப் பிறகுதான் அரசிதழ் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வழக்கமான இதழ் புதன்கிழமை தோறும் வரும். அவசர விஷயங்கள் சிறப்பு வெளியீடாக எந்த நாளிலும் வரும். பகுதி 4, பிரிவு 1 என்றால் சட்டமுன்வடிவுகள். பகுதி 4, பிரிவு 2 என்றால் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். விதிகள் பெரும்பாலும் பகுதி 3-ல் இருக்கும். இந்த மூன்று இடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பேப்பரில் மசோதா என்பார்கள், அரசின் தமிழில் அது சட்டமுன்வடிவு. மசோதா என்று தட்டித் தட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று நான் விட்ட நாட்கள் நிறைய.

2022 அக்டோபரில், அந்தத் திருத்தம் பதிவுச் சட்டத்தில் சேர்த்த புதிய 77-ஏ பிரிவின் கீழ் மனு கொடுத்தேன். மனு எழுதித் தரவும் விசாரணைக்கு உடன் வரவும் வக்கீலுக்கு 25,000. சான்றிட்ட நகல்கள், வாரிசுச் சான்று, பஸ், ஆட்டோ, சம்பளமில்லாத விடுப்பு பதினோரு நாள் எல்லாம் சேர்த்து அந்தக் கட்டத்தில் மட்டும் 48,000 ரூபாய் போனது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்பு இரண்டு முறை வரவே இல்லை. மூன்றாவது முறை வாய்தா கேட்டார்கள். நான்காவது முறை, சட்டம் வருவதற்கு முன் பதிவான பத்திரத்துக்கு இது பொருந்துமா என்று எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுத்தார்கள். ஏழு விசாரணைகள். 2024 கோடையில் எல்லாம் முடிந்து, உத்தரவு தபாலில் வரும் என்றார்கள். வீட்டில் பாயசம் மட்டும்தான் வைக்கவில்லை.

உத்தரவு வரவில்லை. அந்த 77-ஏ பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்திதான் வந்தது. எனக்குப் புரிந்த வரையில் சாரம் இதுதான்: பத்திரம் போலியா இல்லையா என்று முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை, அதைப் பதிவாளர் கையில் கொடுத்தது சரியில்லை. சில வாரத்தில் அலுவலகத்திலிருந்து அரைப் பக்கக் கடிதம். மேற்கண்ட தீர்ப்பின்படி தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது, உரிய நீதிமன்றத்தை அணுகவும். அந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் யாரிடமும் காட்டவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "கோர்ட்டுக்குப் போலாம்னு அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட உடைந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. "சரி விடு, இப்போ போலாம்" என்றார்.

அந்த முதல் வக்கீலிடமே திரும்பிப் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இந்தப் பத்திரம் இருக்கறது உங்களுக்கு எப்போ தெரியும்?" 2021 பிப்ரவரி என்றேன். அவர் முகம் மாறியது. ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். நான் கணக்கு டீச்சர், மனதுக்குள் கூட்டிப் பார்க்க ஒரு நொடி ஆகவில்லை. 2024 பிப்ரவரியோடு முடிந்திருக்கிறது. நான் ஒரு சட்டம் வரக் காத்திருந்தேன், வந்த சட்டத்தில் விசாரணைக்குக் காத்திருந்தேன், அந்த நேரமெல்லாம் இன்னொரு கடிகாரம் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கை நடுங்கியது.

எங்களைக் காப்பாற்றியது கொரோனா. வேடிக்கையாக இல்லை, உண்மை. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஆக, எங்கள் மூன்று வருடம் 2022 மார்ச் 1-ல்தான் தொடங்குகிறது; 2025 பிப்ரவரி 28 வரை நேரம் இருக்கிறது. 2024 டிசம்பர் நடுவில் வழக்கைத் தாக்கல் செய்தோம். இரண்டரை மாதம் மிச்சம். தவறான இடத்தில் நல்லெண்ணத்தோடு வழக்காடிய காலத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்க அதே காலவரையறைச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தேவைப்பட்டால் அதையும் வாதாடுவேன் என்றார் வக்கீல். அதெல்லாம் வாதம், தேதி என்றால் தேதி. கொரோனாவுக்குப் பிறகு இதேபோல ஒரு பத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே, புதுச் சட்டம் வரப்போகிறது, வந்துவிட்டது, அதில் மனு போட்டிருக்கிறோம் என்று என்ன நிலையில் இருந்தாலும் சரி, பழைய சட்டப்படி உங்களுக்கு இருக்கும் கடைசித் தேதி எது என்று ஒரு வக்கீலிடம் கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். புதுச் சட்டத்தை எதிர்த்து ரிட் மனு எதுவும் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், பழைய வழியையும் திறந்து வைத்துக்கொள்வதுதான் புத்தி. இந்த ஒரு ஆலோசனைக்கு 500 ரூபாய் ஃபீஸ் ஆகும். எனக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போனதற்கு ஆன செலவு, வழக்குச் செலவையும் சேர்த்தால் இதுவரை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை பார்த்தது போதும் என்று தோன்றியது. 2025 ஏப்ரலில் பதிவுத் துறையைச் சுற்றி மறுபடி பரபரப்பு. விற்பவரின் உரிமைக்கான மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விதி, மூலச் சட்டத்தை மீறிப் போகக் கூடாது என்பது காரணம். அப்படியானால் சட்டத்திலேயே அதைச் சேர்க்க ஒரு முன்வடிவு வரும் என்று எழுதினார்கள். நானும் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பவர் எழுதிக் கொடுப்பவரின் விவரத்தை இறப்புப் பதிவோடு ஒப்பிட்ட பிறகே பதிய வேண்டும் என்று ஒன்று. இப்படிப் புதிதாக உருவாக்கும் விசாரணை முறை பின்னால் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனால், அதில் செலவான காலத்தை வழக்குக் கெடுவிலிருந்து கழிக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு, அதில் கொஞ்சம் பெருமைகூட. துறைச் செயலருக்கு, அமைச்சருக்கு, எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு என மூன்று ஸ்பீட் போஸ்ட். அந்த மாதக் கடைசியிலேயே முன்வடிவு நிறைவேறிவிட்டது. என் கடிதத்தை அதற்குள் யாராவது பிரித்தார்களா என்பதே சந்தேகம்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அவருடைய பி.ஏ. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "அம்மா, இந்த மசோதாப் புத்தகம் எங்க கைக்கே கடைசி நேரத்துலதான் வரும். அறிமுகம் ஆனதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க முன்னாடியே வரணும்" என்றார். முன்னாடி என்றால் எப்போது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. நானே பின்னோக்கிப் பார்த்துப் புரிந்துகொண்டது இதுதான். 1986-ல் மேலவை கலைக்கப்பட்டதிலிருந்து நமக்கு ஒரே அவை. ஓர் அவையில் நிறைவேறினால் முடிந்தது, இரண்டாவது அவையில் இன்னொரு முறை பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. உறுப்பினர்கள் சிலர் உட்கார்ந்து முன்வடிவை ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும், ஆனால் அது அபூர்வம். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கட்டுக்கட்டாக முன்வடிவுகள் வரும். பார்வையாளர் மாடத்தில் உட்கார எம்.எல்.ஏ. பரிந்துரையில் சீட்டு வாங்கி ஒருநாள் கோட்டைக்குப் போனேன். போனை வெளியே வைத்துவிட்டு, சோதனை முடிந்து, உள்ளே போய் உட்கார்ந்தேன். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் படித்துக்கொண்டே போகிறார். எனக்கு அது பிரமிப்பாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கியும் விட்டது. நான் ஒரு வருடம் காத்திருந்த முன்வடிவும் இப்படித்தானே ஒரு நாள் கடந்து போயிருக்கும்.

மத்திய அமைச்சகங்களுக்கு 2014-ல் ஒரு கொள்கை வகுத்தார்கள், சட்ட வரைவை முப்பது நாளாவது மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்து கேட்க வேண்டும் என்று. அது மாநிலத் துறைகளைக் கட்டுப்படுத்தாது. அரசாக விரும்பினால் கேட்கலாம். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு முன் 2022-ல் மின்னஞ்சல் வழியாக மக்களிடம் கருத்து கேட்டார்கள். எப்போது கேட்பார்கள் என்று காத்திருக்காமல் நாமே மோப்பம் பிடிக்க வேண்டியதுதான். மோப்பம் பிடிக்கச் சிறந்த இடம் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கை விவாதத்தன்று, அதாவது துறைக்கான பணத்தை அவை விவாதிக்கும் நாளில், ஒவ்வொரு துறையும் அவையில் வைக்கும் புத்தகம் அது, இணையத்திலும் வந்துவிடும். படிக்கக் கொட்டாவி வரும், வரட்டும். இந்தச் சட்டத்தைத் திருத்த உத்தேசம், இன்ன பிரச்சினையை ஆராய்ந்து வருகிறோம் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அந்த வரியைப் பார்த்த வாரமே எழுதுங்கள். அப்போது துறையில் யாரோ ஓர் அலுவலர் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உங்கள் யோசனைக்கு அதில் இடம் இருக்கும். முன்வடிவு அச்சான பிறகு அதே யோசனை அவருக்கு உபத்திரவம்.

அச்சான பிறகு எதுவுமே முடியாது என்றும் இல்லை. 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1-ல் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஆனால் அதைச் செய்ய வைத்தது தொழிற்சங்கங்களின் கூட்டுக்குரல். நான் தனி ஆள், என்னைப் போலப் பத்திரம் போனவர்களுக்குச் சங்கம் கிடையாது. மாவட்டப் பதிவாளர் அலுவலக பெஞ்சில் என் பக்கத்தில் ஏழு விசாரணையும் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் போன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை. இன்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்த பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதம் அனுப்பியிருந்தால் அதன் எடையே வேறு.

கடைசியாகத் தட்டிய கதவு பேரவையின் மனுக்கள் குழு. எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய குழு, மாவட்டங்களுக்கு வரும், வருமுன் பேப்பரில் அறிவிப்பு போடுவார்கள். என் முதல் மனு எடுபடவில்லை. தப்பு என்னுடையது. தனிநபர் குறையும் கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயமும் எடுத்துக்கொள்ளப்படாது என்று அறிவிப்பிலேயே இருந்ததைப் படிக்காமல், அப்பாவின் பெயர், சர்வே நம்பர், வழக்கு எண் என்று எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். இரண்டாவது முறை என் கதையை முழுக்க எடுத்துவிட்டேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இறந்தவர் பெயரில் பவர் பதிவாவதைத் தடுக்க இறப்புப் பதிவோடு ஒப்பிடும் ஏற்பாடு வேண்டும் என்று ஒரே பிரச்சினை, ஒரே துறை, ஒரே பக்கம், தமிழில், ஐந்து நகல், தேதியோடு கையெழுத்து. நாலு மாதத்தில் துறையிலிருந்து பதில் வந்தது: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. சிரிக்காதீர்கள். அந்தப் பதிலில் ஒரு கோப்பு எண் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்க முடியும். முன்பு எழுதிய நாலு பக்கக் கடிதத்துக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வடிவின் கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை என்று ஒரு பக்கம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். அரசு எந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்கிறதோ அந்த வார்த்தைகளிலேயே உங்கள் யோசனையை எழுதுங்கள். இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல் என்று கேளுங்கள். மக்கள் படும் பாடு என்று தொடங்கினால் இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை, நான் அப்படித் தொடங்கிப் பார்த்தவள். எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். துறை விவாதத்தில் பேச அவர்களுக்குத்தான் விஷயம் தேவைப்படும். எங்கள் மாவட்டத்தில் ஒருவர் என் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார், அடுத்த மானியக் கோரிக்கையில் பேசப் பார்க்கிறேன் என்றார். பேசினாரா என்று பேரவை நடவடிக்கைக் குறிப்பு வந்ததும் தேடுவேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எதிர்த்தரப்பு இன்னும் பதிலுரை தாக்கல் செய்யவில்லை, அடுத்த வாய்தா பள்ளியில் காலாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் விழுந்திருக்கிறது. வில்லங்கம் போட்டால் அப்பா இன்னும் 2019 நவம்பரில் வந்து ரேகை வைத்துவிட்டுத்தான் போகிறார். புதன்கிழமை ராத்திரி விடைத்தாள் திருத்திய கையோடு அரசிதழைத் திறந்து பகுதி 4-ஐப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். "என்னம்மா, ஏதாவது வந்திருக்கா?" என்று அண்ணன் வியாழக்கிழமை காலையில் போன் செய்து கேட்கிறார்.